1879: டே பாலம் விழுந்த இரவும் அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளும்

1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு ஏறத்தாழ ஏழேகால் மணிக்கு, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் டே ஆற்றுக் கழிமுகத்தின் குறுக்கே கட்டப்பட்டிருந்த ரயில் பாலத்தின் நடுப்பகுதி, அப்போது அதன் வழியே சென்றுகொண்டிருந்த பயணிகள் ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டு ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகியிருந்தது. அதை வடிவமைத்த தாமஸ் பவுச் அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் விக்டோரியா அரசியாரிடம் சர் பட்டம் பெற்றிருந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு அரசியாரே அந்தப் பாலத்தின் வழியாகப் பயணம் செய்திருந்தார்.

இவ்விபத்துக்குக் காரணம் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒன்று, அன்று அடித்த புயல். மற்றொன்று, பவுச்சின் அலட்சியம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் 1880இல் நடந்த விசாரணையில் பதிவான சாட்சியங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, பாலத்தின் குறைகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தன என்பதும், தெரிந்தவர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஆளிடம் சேர்ப்பதற்கு எந்த ஏற்பாடும் இருக்கவில்லை என்பதுமே முதலில் கண்ணில் படுகின்றன. இந்த ஆய்வு அந்த வழியில்தான் செல்கிறது.

பாலம் ஏன் வேண்டியிருந்தது

டே ஆற்றின் வடகரையில் இருக்கும் டண்டி நகரம் அக்காலத்தில் உலகின் சணல் தலைநகரமாக இருந்தது. வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த கச்சாச் சணலைத் திமிங்கில எண்ணெய் விட்டுப் பதப்படுத்தி, கோணிப்பையும் கித்தானுமாக நெய்து உலகெங்கும் அனுப்பிய ஆலைகள் அங்கே நெருக்கியடித்து நின்றன. அந்த ஆலைகளுக்குக் கரி வேண்டும்; கரிச் சுரங்கங்களோ தென்கரையில் ஃபைஃப் பகுதியில் இருந்தன. எடின்பரோவிலிருந்து டண்டிக்கு நேர்வழியில் 46 மைல்தான் என்றாலும், இடையில் ஃபோர்த், டே ஆகிய இரண்டு கழிமுகங்களையும் படகில் கடக்க வேண்டியிருந்ததால், பயணம் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. நிலத்திலேயே சுற்றிச் செல்லும் பாதை கலிடோனியன் ரயில்வேயிடம் இருந்தது. அதன் போட்டி நிறுவனமான நார்த் பிரிட்டிஷ் ரயில்வேக்குப் பாலம் என்பது வசதியைவிடப் பெரிய விஷயம். வடகிழக்கு ஸ்காட்லாந்தின் சரக்குப் போக்குவரத்தில் அதற்கு இடம் உண்டா இல்லையா என்பதையே அது முடிவு செய்யும்.

பவுச் இந்த நிறுவனங்களின் வட்டாரத்தில் நன்கு அறியப்பட்டவர். ரயில் பெட்டிகளைத் தண்டவாளத்தோடு ஏற்றிச் செல்லும் படகுப் போக்குவரத்தை 1850 வாக்கில் ஃபோர்த் கழிமுகத்தில் ஏற்படுத்தியவர் அவர்தான். குறைந்த செலவில் பாதை போட்டுக் கொடுப்பவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. பணத்தட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு ரயில்வேக்கு இதைவிடச் சிறந்த பரிந்துரை தேவைப்படாது. பாலத்துக்கு 1870இல் நாடாளுமன்றத்தின் அனுமதி கிடைத்தது. 1871 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. கௌர்டிஹில் என்ற இடத்தில் பழத்தோட்டம் வைத்திருந்த பேட்ரிக் மேத்யூ என்பவர், பாலத்தை இன்னும் மேற்கே குறுகலான இடத்தில் கட்ட வேண்டும் என்றும், இங்கே கட்டினால் ஒருநாள் அது விழும் என்றும் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். இயற்கைத் தேர்வு என்ற கருத்தை டார்வினுக்கு முன்பே ஒரு நூலின் பின்னிணைப்பில் எழுதிவைத்து, அதற்கான பெயரைக் கோட்டைவிட்டவரும் இவரேதான். 1874இல் அவர் இறந்துவிட்டார். அவருடைய கணிப்பு பலித்தது என்று பிற்காலத்தார் சொல்வதுண்டு. ஆனால் அவர் எழுதிய ஆபத்துகளின் பட்டியல் மிக நீளமானது, அதில் ஏதேனும் ஒன்று நடந்திருந்தாலும் பலித்ததாகவே தோன்றியிருக்கும்.

ஆற்றின் அடியில் இருந்தது பாறை அல்ல

பாலத்தின் முதல் வடிவமைப்பில் தூண்கள் முழுவதும் செங்கல்லால் ஆனவை. ஆற்றுப்படுகையில் துளையிட்டுப் பார்த்தவர்கள், அதிக ஆழமில்லாமலேயே பாறை இருப்பதாக அறிக்கை தந்திருந்தனர். தென்கரையிலிருந்து தொடங்கிப் பதினான்கு தூண்கள் வரை அந்த நம்பிக்கை செல்லுபடியானது. அதற்கு அப்பால், பாறை என்று எண்ணியது கூழாங்கற்கள் இறுகிய மெல்லிய அடுக்கு மட்டுமே என்றும், அதற்குக் கீழே வெறும் களியும் மணலும்தான் என்றும் தெரியவந்தது. செங்கல் தூணின் எடையை அந்தப் படுகை தாங்காது.

எனவே பவுச் வடிவமைப்பை மாற்றினார். அடிப்பகுதியை மட்டும் கல்லாலும் செங்கல்லாலும் கட்டி, அதற்கு மேலே ஆறு வார்ப்பிரும்புக் குழாய்க் கம்பங்களை அறுகோணமாக நிறுத்தி, அவற்றை ஒன்றோடொன்று தேனிரும்புப் பட்டைகளால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். எடை குறைந்தது, செலவும் குறைந்தது. அடித்தளங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக நடுவில் இருந்த கண்களின், அதாவது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகளின், நீளம் கூட்டப்பட்டது. மொத்தம் 85 கண்களும் ஏறத்தாழ இரண்டு மைல் நீளமும் கொண்ட அந்தப் பாலம், அந்நாளில் உலகிலேயே மிக நீளமானது என்று கொண்டாடப்பட்டது.

வடிவமைப்பில் ஓர் அம்சத்தை இங்கே விளக்கியாக வேண்டும். பாலத்தின் பெரும்பகுதியில் ரயில், தூண்களுக்கு இடையே கிடத்திய நீண்ட இரும்புச் சட்டங்களான கர்டர்களின் மேல் ஓடியது. ஆனால் பெர்த் நகரத்துக்குச் செல்லும் கப்பல்கள் நுழைவதற்காக, நடுவில் இருந்த 13 கண்களில் மட்டும் உயர்நீர் மட்டத்துக்கு மேல் 88 அடி இடைவெளி விடவேண்டியிருந்தது. அதனால் அந்தக் கண்களில் கர்டர்கள் தண்டவாளத்துக்கு மேலே எழும்பி நின்றன. ரயில் அவற்றின் உள்ளே, இரும்புக் கூண்டுக்குள் புகுந்து செல்வதுபோலச் சென்றது. இவற்றில் 11 கண்கள் 245 அடி நீளமும், 2 கண்கள் 227 அடி நீளமும் கொண்டவை. ஆக, பாலத்திலேயே மிக நீளமான கண்கள், மிக உயரமான தூண்களின்மேல், காற்றுக்கு மிக அதிகமான பரப்பைக் காட்டிக்கொண்டு நின்றன. டிசம்பர் 28 அன்று விழுந்தவை இந்த 13 கண்கள் மட்டுமே.

காற்றைப் பற்றி என்ன கணக்கு போடப்பட்டது என்று விசாரணையில் கேட்டபோது, தனியாக எதுவும் சேர்க்கவில்லை என்று பவுச் ஒப்புக்கொண்டார். ஃபோர்த் கழிமுகத்துக்கு அவர் திட்டமிட்டிருந்த தொங்குபாலம் தொடர்பாக, அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1873இல் தந்த ஆலோசனையை அவர் தரப்பு முன்வைத்தது. சிறிய பரப்பில் சதுர அடிக்கு 40 ராத்தல் (பவுண்டு) வரை காற்றின் விசை இருக்கலாம், ஆனால் நீண்ட பாலத்தின் முழுப் பரப்புக்கும் சேர்த்துப் பார்த்தால் 10 ராத்தல் போதும் என்பது அந்த ஆலோசனை. பிரான்சிலும் அமெரிக்காவிலும் பொறியாளர்கள் அப்போதே 50 முதல் 55 ராத்தல் வரை எடுத்துக்கொண்டிருந்தனர். பிரிட்டனில் அப்படி எந்த விதியும் இல்லை. காற்றுக்கு இடம்விடாத வடிவமைப்பு சட்டப்படி குறையுள்ளது என்று சொல்லவும் வழியில்லை.

வார்மிட் வார்ப்பட்டறை

முதலில் ஒப்பந்தம் எடுத்த டி பெர்க் நிறுவனம், அதன் உரிமையாளரின் உடல்நலம் கெட்டதால் விலகியது. 1874இல் மிடில்ஸ்பரோவைச் சேர்ந்த ஹாப்கின் கில்க்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது. கம்பங்களை வார்ப்பதற்குத் தென்கரையில் வார்மிட் என்ற இடத்தில் பட்டறை அமைக்கப்பட்டது. என் பார்வையில் இந்தப் பாலத்தின் கதை பெரும்பாலும் அந்தப் பட்டறையில்தான் தீர்மானமானது.

ஒவ்வொரு கம்பத்தின் பக்கவாட்டிலும் குறுக்குப் பட்டைகளைப் பிணைப்பதற்காக வார்ப்பிரும்பிலேயே காதுகள் வைக்கப்பட்டன. கம்பமும் காதும் ஒரே அச்சில், ஒரே வார்ப்பாக ஊற்றப்பட்டன. போல்ட் நுழைவதற்கான துளையும் வார்ப்பிலேயே வந்தது. பிறகு துரப்பணம் போட்டுச் சீராக்கவில்லை. மணல் அச்சிலிருந்து மாதிரியை எளிதாக உருவவேண்டும் என்பதற்காகத் துளையை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் விடுவது வார்ப்படத் தொழிலில் வழக்கம். இப்படிக் கூம்பாக அமைந்த துளையில் நேரான போல்ட்டை நுழைத்தால், அது துளையின் முழு நீளத்திலும் படியாது. விளிம்பில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். பட்டை இழுக்கும்போது அந்த விசை முழுவதும் காதின் ஒரு முனையில் போய்க் குவியும். இழுவிசையைத் தாங்குவதில் வார்ப்பிரும்பு இயல்பாகவே பலவீனமானது என்பது அன்றைய பட்டறைக்காரர் எவருக்கும் தெரிந்த செய்தி.

விபத்துக்குப் பின், உலோகங்களின் வலிமையைச் சோதிக்கும் பொறியாளரான டேவிட் கிர்கால்டி தம்முடைய சோதனைக் கூடத்தில் இந்தக் காதுகளை இழுத்துப் பார்த்தார். அளவை வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 60 டன் தாங்கவேண்டிய காதுகள், 20 முதல் 25 டன்னிலேயே உடைந்தன. தேனிரும்புப் பட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதாவது, பட்டையின் வலிமையை நம்பிப் போட்ட கணக்கு, அதைப் பிடித்திருந்த காதில் செல்லுபடியாகவில்லை.

இதைவிட மோசமானவையும் அங்கே நடந்தன. உருகிய இரும்பு முழுமையாக ஓடாமல் காது அரைகுறையாக வந்த கம்பங்களைத் தள்ளிவிடாமல், காதை மட்டும் தனியாக உருக்கி ஊற்றி ஒட்டவைத்தார்கள். உள் அச்சு நகர்ந்துபோனதால் குழாயின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வந்த கம்பங்களும் பாலத்துக்குப் போயின. வார்ப்பில் விழுந்த காற்றுக் குழிகளை, தேன்மெழுகு, பிசின், இரும்புத்தூள், விளக்குக்கரி ஆகியவற்றைக் காய்ச்சிச் செய்த ஒரு கலவையால் அடைத்து, மேலே தேய்த்துவிட்டார்கள். தேய்த்த பிறகு அது இரும்பைப் போலவே மின்னும். பட்டறையில் இருந்தவர்கள் இதை 'போமாண்ட் முட்டை' என்று அழைத்தார்கள். சாட்சிக் கூண்டில் ஏறிய வார்ப்படத் தொழிலாளர்கள் இதையெல்லாம் பெரிய ரகசியமாகச் சொல்லவில்லை. அன்றாட வேலையாகவே விவரித்தார்கள். பவுச்சோ தமக்கு இது தெரியாது என்றார். இருவர் சொன்னதும் உண்மையாக இருந்திருக்கலாம் என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு பவுச்சே வடிவமைத்து, கில்க்ஸின் பழைய நிறுவனமே கட்டிய பீலா பாலத்தில் இதே வகை இரும்புக் கம்பத் தூண்கள்தாம். ஆனால் அங்கே இணைப்புகள் கடைந்து நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தன. சரியான முறை அவர்கள் இருவருக்கும் தெரியாததன்று.

ஆய்வும் பராமரிப்பும்

1878 பிப்ரவரி இறுதியில் ரயில் பாதைகளைச் சோதித்து அனுமதி தரும் அரசுத் துறையான வர்த்தக வாரியத்தின் ஆய்வாளர் மேஜர் ஜெனரல் ஹட்சின்சன் மூன்று நாட்கள் பாலத்தைச் சோதித்தார். கனமான இஞ்சின்கள் ஆறினைக் கோத்துப் பாலத்தின்மேல் ஓட்டிப் பார்த்தார்; கர்டர்கள் எவ்வளவு வளைகின்றன என்று அளந்தார்; திருப்தியடைந்து, மணிக்கு 25 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி அளித்தார். பலத்த காற்று வீசும்போது ரயில் ஓடினால் பாலம் எப்படி இருக்கிறது என்பதைத் தாம் நேரில் பார்க்க விரும்புவதாகவும் எழுதிவைத்தார். அந்தச் சோதனை நடக்கவேயில்லை. ஆய்வு முழுவதும் மேலிருந்து கீழே அழுத்தும் எடையைப் பற்றியது. பக்கவாட்டு விசைக்கு ஆய்வு நடைமுறையில் இடம் இல்லை.

பாலம் திறந்த பிறகு அதைக் கவனித்துக்கொள்ளும் வேலை ஹென்றி நோபிள் என்பவரிடம் தரப்பட்டது. அவர் கொத்தனார் வேலையில் பழகியவர். தூண்களின் அடியில் நீரோட்டம் மணலை அரிக்கிறதா என்று பார்ப்பதே அவருக்குச் சொல்லப்பட்ட முதன்மைப் பணி. இரும்பு வேலை அவருக்குப் பழக்கமில்லை. அதற்கென்று வேறு ஆளும் நியமிக்கப்படவில்லை. 1878 அக்டோபரில் தூண்களின் அருகே இருந்தபோது, குறுக்குப் பட்டைகள் கடகடவென்று ஆடும் சத்தம் அவர் காதில் விழுந்தது. ஏறிப் பார்த்தபோது பட்டைகளை இறுக்கியிருந்த ஆப்புகள் தளர்ந்திருந்தன. தாமே டண்டியில் இரும்புத் துண்டுகளை வாங்கிவந்து, நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகளில் இடைவெளியில் செருகி, சத்தத்தை நிறுத்தினார். பவுச்சிடம் இதைச் சொல்லவில்லை.

நோபிளைக் குறை சொல்வது எளிது. காதில் கேட்டதைச் சரிசெய்தார், கைக்காசு போட்டு வேலை செய்தார், சோம்பேறி அல்லர். ஆனால் பட்டை ஏன் தளர்ந்தது என்ற கேள்வியை எழுப்பும் அறிவோ அதிகாரமோ அவருக்குத் தரப்படவில்லை. போல்ட் முட்டும் விளிம்பு நசுங்கியதாலோ, தூண் பக்கவாட்டில் ஏற்கெனவே சற்று நெளிந்ததாலோ அது தளர்ந்திருக்கலாம். அவர் செருகிய துண்டுகள் அந்த நெளிவை அப்படியே நிலைநிறுத்தின. பட்டைகள் மீண்டும் இறுகவில்லை, சத்தம் மட்டும் அடங்கியது. கம்பங்களில் நெடுக்குவாட்டில் விரிசல் கண்டபோது அதை அவர் பவுச்சிடம் தெரிவிக்கவே செய்தார். அவற்றுக்கு இரும்பு வளையங்கள் பூட்டப்பட்டன. எது சொல்லத்தக்கது, எது தாமே பார்த்துக்கொள்ளத்தக்கது என்று பிரித்தறியும் சுமை முழுவதும் ஒரு கொத்தனார்மீது விடப்பட்டிருந்தது.

1879 கோடையில் பாலத்துக்கு வண்ணம் பூசியவர்கள், ரயில் போகும்போதெல்லாம் பாலம் பக்கவாட்டில் ஆடுவதை உணர்ந்தார்கள். விசாரணையில்தான் அதைச் சொன்னார்கள். டண்டியின் முன்னாள் நகரத் தலைவர் வில்லியம் ராபர்ட்சன் தினமும் பாலத்தின் வழியே போய்வந்தவர். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்கிட்டு, வடக்கு நோக்கிப் போகும் ரயில்கள் 25 மைல் வரம்பை வெகுவாக மீறுகின்றன என்று டண்டி நிலைய அதிகாரியிடம் முறையிட்டார். முறையீட்டால் ஒன்றும் நடக்காதபோது, அந்தத் திசையில் ரயிலைத் தவிர்த்துப் படகில் போகத் தொடங்கினார்.

டிசம்பர் 28

அன்று மாலையிலிருந்தே மேற்கிலிருந்து கடுங்காற்று வீசியது. டே ஆற்றில் நங்கூரமிட்டிருந்த 'மார்ஸ்' என்ற பயிற்சிக் கப்பலின் கேப்டன், காற்றின் வேகத்தை 0 முதல் 12 வரை குறிக்கும் போஃபோர்ட் அளவில் 10க்கும் 11க்கும் இடைப்பட்டது என்று அதைக் கணித்தார்.

எடின்பரோவிலிருந்து வந்து, ஃபோர்த் கழிமுகத்தைப் படகில் கடந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்த ரயிலில் ஐந்து பயணிப் பெட்டிகளும் ஒரு சாமான் பெட்டியும் இருந்தன. இஞ்சின் எண் 224. பாலத்துக்கு முந்தைய செயின்ட் ஃபோர்ட் நிலையத்தில் டிக்கெட்டுகள் வாங்கப்பட்டன. ஒற்றைப் பாதை என்பதால், தென்முனை சிக்னல் அறையில் இருந்த தாமஸ் பார்க்லே, அனுமதிக் கோலை இஞ்சின்காரர்களிடம் கொடுத்தார். அப்போது மணி 7.13. அவருடைய அறையில் இருந்த நண்பர் ஜான் வாட், ரயிலின் பின்விளக்குகள் தூரமாகப் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரங்களின் அருகே தீப்பொறி பறந்தது. பக்கவாட்டில் தள்ளும் காற்று சக்கர விளிம்பைத் தண்டவாளத்தோடு உராயவைத்ததே அதற்குக் காரணம். முந்தைய ரயிலிலும் அதுவே நடந்திருந்தது. சற்று நேரத்தில் ஒரு பெரிய வெளிச்சம் தோன்றி மறைந்தது, விளக்குகளும் மறைந்தன. பார்க்லே வடமுனைக்குச் சமிக்ஞை அனுப்பிப் பார்த்தார், கம்பி அறுந்துபோயிருந்தது. இருவரும் பாலத்தில் நடந்து பார்க்க முயன்று, காற்றில் நிற்க முடியாமல் திரும்பினார்கள்.

வடகரையில் நிலைய அதிகாரி ஜேம்ஸ் ஸ்மித்தும் இஞ்சின் கொட்டகை மேலாளர் ஜேம்ஸ் ராபர்ட்ஸும் பாலத்தில் ஏறி முன்னேறினார்கள். கடைசிப் பகுதியை ராபர்ட்ஸ் தண்டவாளத்தைப் பிடித்தபடி ஊர்ந்தே கடந்தார். எதிரே தண்ணீர் பீறிட்டுக் கொட்டுவது தெரிந்தது. தென்கரையில் உள்ள நியூபோர்ட்டுக்கு டண்டியிலிருந்து குடிநீர் கொண்டுசென்ற குழாய் பாலத்தின் வழியே போனது. அது அறுந்து ஊற்றிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் பாலம் இல்லை. ரயில் அதற்குள் பாலத்தில் ஏறியிருக்குமா என்ற ஐயம், கிழக்கே பிராட்டி ஃபெரி கரையில் தபால் பைகள் ஒதுங்கியபோது தீர்ந்தது.

இறந்தவர்களின் தொகை 75 என்று நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. அது வாங்கப்பட்ட டிக்கெட்டுகளை வைத்துப் போட்ட மதிப்பீடு. பெயரோடு உறுதிப்படுத்தப்பட்டவர்கள் 59 பேர். கிடைத்த உடல்கள் 46. நீரில் மூழ்கித் தேடியவர்கள் இஞ்சினையும் பெட்டிகளையும் விழுந்த கர்டர்களின் உள்ளேயே கண்டார்கள்.

விசாரணையும் தீர்ப்பும்

விபத்து நடந்து ஒரு வாரத்துக்குள் விசாரணை மன்றம் கூடியது. கப்பல் விபத்துகளை விசாரிக்கும் ஆணையர் ஹென்றி ராதரி, ரயில்வே தலைமை ஆய்வாளர் கர்னல் யோலண்ட், சிவில் பொறியாளர் கழகத்தின் தலைவர் வில்லியம் பார்லோ ஆகிய மூவர் அதில் இருந்தனர். டண்டியைச் சேர்ந்த வாலண்டைன் நிறுவனத்தின் புகைப்படக்காரர்களைக் கொண்டு, உடைந்த தூண்கள் ஒவ்வொன்றையும் படமெடுக்க வைத்தனர். அந்தப் படங்கள் மிகத் தெளிவாக இருப்பதால், இன்றைய ஆய்வாளர்களும் உடைந்த காதுகளை அவற்றிலேயே எண்ணிப் பார்க்க முடிகிறது.

கடைசிப் பெட்டிகள் காற்றில் தடம்புரண்டு கர்டரில் மோதியதால்தான் பாலம் விழுந்தது என்று பவுச் தரப்பு வாதிட்டது. மன்றம் அதை ஏற்கவில்லை. காற்றின் விசையில் குறுக்குக் கட்டுகளும் அவற்றின் பிணைப்புகளும் முதலில் அறுந்தன, அதனால்தான் பாலம் சரிந்தது என்பதில் மூவரும் ஒன்றுபட்டனர். ஆனால் அறிக்கை இரண்டாக வந்தது. யோலண்டும் பார்லோவும் காரணத்தைச் சொல்லி, காற்றுக்கு இவ்வளவு இடம்விட வேண்டும் என்ற விதி பிரிட்டனில் இல்லை என்பதையும் குறிப்பிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ராதரி தம்முடைய அறிக்கையில், பாலம் மோசமாக வடிவமைக்கப்பட்டு, மோசமாகக் கட்டப்பட்டு, மோசமாகப் பராமரிக்கப்பட்டது என்றும், இம்மூன்றுக்கும் முதன்மைப் பொறுப்பு பவுச்சுடையதே என்றும் எழுதினார். ஒப்பந்தக்காரரின் வார்ப்பட வேலையையும், வேக வரம்பை அமல்படுத்தாத ரயில்வேயையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் மக்கள் நினைவில் தங்கியது முதல் வாக்கியம் மட்டுமே.

ராதரியின் தீர்ப்பு தவறு என்று சொல்ல முடியாது. வடிவமைப்பு, கட்டுமான மேற்பார்வை, பராமரிப்பு மூன்றையும் ஒரே ஆள் ஒப்புக்கொண்டிருந்தார், அதற்கான ஊதியமும் பெற்றார். ஆயினும் அத்தீர்ப்பு, வார்மிட் பட்டறைக்கும் பவுச்சின் அலுவலகத்துக்கும் இடையே, நோபிளுக்கும் இரும்பு வேலை தெரிந்த எவருக்கும் இடையே, ராபர்ட்சனின் கடிகாரத்துக்கும் இஞ்சின் ஓட்டுநருக்கும் இடையே இருந்த வெற்றிடத்தை ஒரு மனிதரின் குற்றமாகச் சுருக்கிவிட்டது. காதுகள் அன்றிரவு முதன்முறையாக உடைந்தனவா, அல்லது ஒவ்வொரு ரயிலின் அதிர்விலும் மாதக்கணக்காக நைந்து வந்தனவா என்பது பற்றிப் பொறியாளர்களிடையே இன்றும் விவாதம் நடக்கிறது. பட்டைகள் தளர்ந்து சத்தமிட்டதையும், வண்ணக்காரர்கள் உணர்ந்த ஆட்டத்தையும் வைத்துப் பார்க்கும்போது, இரண்டாவது விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பவுச் 1880 அக்டோபர் 30 அன்று மொஃபட் என்ற ஊரில் இறந்தார். ஃபோர்த் கழிமுகத்துக்கு அவர் வடிவமைத்து, வேலையும் தொடங்கியிருந்த தொங்குபாலம் கைவிடப்பட்டது. வர்த்தக வாரியம் காற்று விசை பற்றி ஒரு குழுவை அமைத்தது; ரயில் கட்டுமானங்கள் சதுர அடிக்கு 56 ராத்தல் காற்றைத் தாங்கவேண்டும் என்று 1881இல் அக்குழு பரிந்துரைத்தது. 1890இல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலம் அந்த அளவுக்குக் கட்டப்பட்டது. டே ஆற்றின் புதிய பாலத்தை, விசாரணை மன்றத்தில் இருந்த அதே பார்லோவும் அவருடைய மகனும் வடிவமைத்தனர். பழைய பாலத்தைப் பற்றித் தீர்ப்பு வழங்கியவரிடமே புதிய பாலத்தின் வேலை போய்ச் சேர்ந்ததை இன்று எந்த நிறுவனமும் அனுமதிக்காது. வில்லியம் ஆரல் கட்டிய அந்த இரட்டைப் பாதைப் பாலம் 1887இல் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் விழாமல் நின்ற கர்டர்கள் பலவற்றைச் சோதித்து, அதிலேயே மீண்டும் பயன்படுத்தினார்கள். இஞ்சின் 224ஐயும் ஆற்றிலிருந்து தூக்கி, பழுதுபார்த்து, 1919 வரை ஓட்டினார்கள். ரயில்வே ஊழியர்கள் அதற்கு 'முக்குளிப்பான்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.